இட்டேரிப் பெட்டியும் பதினெட்டாவது குறிப்பும்

நாள் 19.11.2025, புதன்கிழமை, முற்பகல் 11.20 மணி. பவானி வட்டம் ஊஞ்சக்காட்டுவலசு கிராமத்தில் 16.11.2025 அன்று நடந்த சம்பவம் பற்றிய மனு விசாரணைக்காக, கோவை சிங்காநல்லூரில் குடியிருக்கும் கிருபாசங்கர் மனைவி நந்திதா, வயது 38, காவல் நிலையத்துக்கு நேரில் வந்து சொன்னது:

நான் மேற்படி சிங்காநல்லூரில் என் கணவருடன் வசித்து வருகிறேன். என் கணவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். விழித்திரை நோயால் எனக்குப் படிப்படியாகப் பார்வை குறைந்து, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஆகவே சம்பவத்தில் நான் கேட்டதையும் தொட்டதையும் மட்டுமே சொல்ல முடியும்.

நானும் என் கணவரும் ஒன்பது வருடங்களாக ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கில் ஈடுபட்டு வருகிறோம். யாராவது ஒருவர் பொது இடத்தில் ஒரு சிறிய பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஓர் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கைக்கருவியை வைத்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, பெட்டிக்குள் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பிறகு இணையதளத்தில் ஒரு குறிப்பு எழுதலாம். அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. புதையல் எதுவும் இல்லை என்பதை ஐயா கேட்டதால் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுக்கொண்டு போவோம். வழி பார்ப்பது அவர், தாளைப் படிப்பது நான். என்னால் எழுத்தைப் படிக்க முடியாமல் போனதும், இனி நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அவர், பெட்டிகளின் விவரம், துப்பு, இதுவரை கண்டுபிடித்தவர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் கைக்கருவியில் ஏற்றி, அதையே என் போனிலும் ஏற்றி, போன் வாசித்துச் சொல்லும்படி செய்துகொண்டு வந்தார். பிரிண்டில் கடைசி ஐந்து பேருடைய குறிப்பு மட்டும்தான் வரும். போனில் முதல் ஆளிலிருந்து எல்லாம் இருந்தது. அன்று முதல் தாளே இல்லாமல் போகிறோம். படிக்கிற வேலை மறுபடி என்னிடம் வந்தது.

சென்ற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பெட்டியைத் தேடி ஊஞ்சக்காட்டுவலசு இட்டேரியில் நடந்துகொண்டிருந்தோம். இருபுறமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம் அது. என் கணவர் கைக்கருவியைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதில் இயர்போன் வைத்துக் குறிப்புகளைக் கேட்டபடி வந்தேன். இன்னும் பதினைந்து மீட்டர் என்று அவர் சொன்னபோது, வேலிக்கு உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "ஏனுங்க, கையில என்னதுங்க அது? யாரு உங்கள அனுப்புனது?" என்று கேட்டது. அவர் அந்தத் தோட்டத்துக்காரர் காளிச்சாமி என்பது பிறகு தெரிந்தது.

என் கணவர் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். காளிச்சாமி முழுவதும் கேட்கவில்லை. "பேப்பர் இருந்தாக் காட்டுங்க" என்றார். என் கணவர், "பேப்பர் எதுவும் இல்லீங்க, எல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுங்க" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் விஷயம் பெரிதானது. நான்கு மாதம் முன்பு உயர் அழுத்த மின்கோபுரத்துக்காக அளக்க வந்தவர்களும் எந்தத் தாளும் காட்டாமல், கையில் கருவியோடு வந்து, காளிச்சாமியின் தோட்டத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "காயிதமே கெடையாது, மெஷினப் புடிச்சுக்கிட்டு வந்து கல்ல நட்டுப்போட்டுப் போயிட்டாங்க. இன்னைக்குப் பொம்பளையக் கூட்டிக்கிட்டு வந்தா உட்ருவம்னு நெனச்சீங்களா?" என்று சத்தம் போட்டார். அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். குரல்களை வைத்துப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு கைக்கருவியைக் கேட்டார்கள். என் கணவர் கொடுக்கவில்லை. இழுபறியில் அவருடைய தோள் என் கையிலிருந்து விலகிப் போனது. வேலி முறியும் சத்தமும், கருவி கல்லில் விழுந்து கண்ணாடி விரிசல் விடும் சத்தமும் கேட்டன. கருவி கடைசியாகக் காளிச்சாமி கையில் இருந்ததாகப் பேச்சிலிருந்து தெரிந்தது. வேண்டுமென்றே போட்டாரா, கை நழுவியதா என்று ஐயா கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. என் கணவரை யாரும் அடித்ததாகச் சத்தம் கேட்கவில்லை. அவர் வேலியில் விழுந்ததால் கையிலும் கழுத்திலும் முள் கிழித்திருந்தது.

அந்த நேரத்தில் என் இயர்போன் எங்கோ விழுந்துவிட்டது. மடக்குக் குச்சி என் கணவர் பையில் இருந்தது. அவருடைய குரல் எந்தப் பக்கம் என்று எனக்குப் புலப்படவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று எண்ணும்போது அவர், "நந்து, இங்கதான் இருக்கேன்" என்றார்.

பிறகு எங்களை மோட்டார் ரூமுக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். அதிகாரிகள் யாராவது வந்து சொல்லும் வரை எழுந்திருக்க வேண்டாம் என்றார்கள். எந்த அறையிலும் அடைத்து வைக்கவில்லை. காளிச்சாமியின் மனைவி குழந்தையம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கையைத் துழாவினேன். "அம்மணி, உனக்குக் கண்ணு தெரியாதா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார். தெரியாது என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்து டம்ளரில் வைத்து, திரும்பி, "ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியலீங்கோ. இதையப் போய் சர்வேக்கு அனுப்புவாங்களா?" என்று தன் கணவரைக் கேட்டார். அதற்குப் பிறகு பலரும் கலைந்து போனார்கள்.

காளிச்சாமி மட்டும் நம்பவில்லை. அப்படியானால் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். என்னிடம் காட்டத் தாள் இல்லை, ஆனால் கேட்க வைக்க முடியும் என்று சொல்லி, போனில் சத்தத்தைக் கூட்டி, அந்தப் பெட்டியின் விவரத்தை ஓடவிட்டேன். அது ஆங்கிலத்தில் இருந்ததால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பெட்டியை வைத்தவர் சைக்கிளில் ஊர் சுற்றும் ஒருவர். 2016ஆம் வருடம் இந்த இட்டேரியில் டயர் பஞ்சர் ஆகி நின்றபோது, தோட்டத்துக்காரர் பஞ்சர் ஒட்டிக் கொடுத்ததாகவும், அவர் மனைவி கம்பஞ்சோறு போட்டதாகவும், அவர்கள் மகள் காற்றடித்துக் கொடுத்ததாகவும், மற்றவர்களும் இந்த வழியில் வர வேண்டும் என்பதற்காகவே இங்கே பெட்டியை வைத்ததாகவும் எழுதியிருந்தார்.

குழந்தையம்மாள் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மொட்டத்தலையா ஒருத்தர் வந்தாரே, அவரா?" என்றார். மேலே சொல்லச் சொன்னார். ஒவ்வொரு குறிப்பாகப் பழையதிலிருந்து சொன்னேன். ஒருவர் கொய்யாப்பழம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர், வழி தவறிவிட்டோம் என்று நினைத்துத் தோட்டத்துக்காரர் மெயின் ரோடு வரை கூட வந்தார், பெட்டியைத் தேடுகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் திரும்பிப் போய் மாலையில் மறுபடி வந்தோம் என்று எழுதியிருந்தார். அந்த அம்மா சிரித்தார். தங்கள் தோட்டத்தைப் பற்றி முன்பின் தெரியாத இத்தனை பேர் எழுதி வைத்திருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது.

பதினெட்டாவது குறிப்பு மட்டும் தமிழில் இருந்தது. எழுதியவர் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. தேதி 2022 நவம்பர். நான் அதை முன்னதாகக் கேட்டிருக்கவில்லை. தமிழ் என்பதால் நிறுத்தாமல் போனையே வாசிக்க விட்டேன். அது இப்போதும் என் போனில் இருக்கிறது, அதில் உள்ளபடியே சொல்கிறேன்:

"நானும் வீட்டுக்காரரும் வந்தோம். பெட்டி இருக்கும் இடம் எனக்கு முன்னமே தெரியும். அன்று சைக்கிளுக்குக் காற்றடித்தது நான்தான். அப்பா மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அம்மா களத்தில் கடலைக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடத் தைரியம் இல்லை. பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகிறோம். மணி மட்டும் வந்து காலை நக்கியது."

போன் அடுத்த குறிப்புக்குப் போனது. குழந்தையம்மாள் என் கையைப் பிடித்ததால் நிறுத்தினேன். "மறுக்கா வெய்யி கண்ணு" என்றார். மூன்று தடவை வைத்தேன். மணி என்பது அவர்கள் நாய். அன்றைக்கு நாய் இட்டேரிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போது புரியவில்லை என்றார். அவர்கள் மகள் கனிஷ்கா, கோவையில் படித்தபோது உடன் படித்தவரை வீட்டுக்குப் பிடிக்காமல் 2021இல் திருமணம் செய்துகொண்டதையும், அதன் பிறகு போக்குவரத்து இல்லை என்பதையும் அந்த அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

காளிச்சாமி எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மோட்டார் ரூம் பக்கமிருந்து, "நான் பாத்தனுங்க" என்றார். யாரை என்று அந்த அம்மா கேட்டார். "வேலிச் சந்துல ரெண்டு பேரு நின்னாங்க. அவ நிக்கற நிப்பு எனக்குத் தெரியாதா? நிமிந்தாக் கூப்புட்டுப்போடுவேன்னுதான் நிமிரல" என்றார்.

குழந்தையம்மாள், "மூணு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே" என்றார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்ச் சத்தமாகக் கழுவினார். கழுவி முடித்ததையே மறுபடி கழுவினார்.

அதன் பிறகு காளிச்சாமி என் கணவரிடம் பெட்டி எங்கே என்று கேட்டார். கருவி உடைந்திருந்ததால் என் போனில் உள்ள துப்பை வைத்துத் தேடினோம். இருவருமாக ஒரு கல்லைப் புரட்டி எடுத்தார்கள். அது பிளாஸ்டிக் டிபன் டப்பா. உள்ளே சுருட்டிய தாள் இருந்தது. காளிச்சாமி, "கண்ணாடி கொண்டாரல, நீங்களே படிங்க" என்றார். என் கணவர் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து, "கா. கனிஷ்கா" என்று படித்தார். அப்பா பெயரின் முதல் எழுத்தை விடவில்லை என்று குழந்தையம்மாள் சொன்னார். பிறகு என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்து, "பாரு, அவ அழுத்தித்தான் எழுதுவா" என்றார். பேனா அழுத்திய பள்ளம் என் விரலுக்குத் தெரிந்தது. அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த அம்மா, இதில் நாம் எழுதினால் அவளுக்குப் போகுமா என்று கேட்டார். எல்லோரும் படிக்கும் இடத்தில் போடாமல் அந்தப் பெயருக்கு மட்டும் செய்தி அனுப்பலாம் என்றேன். காளிச்சாமி சொல்லச் சொல்ல நான் போனில் பதிந்தேன். அவர் சொன்னது: "கனிஷ்கா, ஊட்டுக்கு வா. அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா. இட்டேரியிலயே நின்னுபோட்டுப் போயிராத."

அதை அனுப்பிய பிறகு, வழியில் போன யாரோ நூறாம் எண்ணுக்குத் தகவல் சொன்னதாகக் காவலர் இருவர் வந்தார்கள். அப்போது நாங்கள் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவரின் காயத்தையும் உடைந்த கருவியையும் பார்த்து அவர்கள் எழுதிக்கொண்டு போனதிலிருந்து இந்த மனு ஏற்பட்டது. நாங்கள் புகார் கொடுக்கவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண்ணிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அக்கா, அப்பா இதை எந்தக் குரலில் சொன்னார்?" என்று கேட்டிருந்தார். அவர் குரலையே பதிவு செய்து அனுப்பியிருக்கலாம், அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஆகவே கேட்டபடியே பதில் எழுதினேன். முதலில் பெயரைச் சொல்லி நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் பெயரைச் சொன்னார். நான்கு தடவை பெயரை மட்டுமே சொன்னார், ஐந்தாவது தடவைதான் மீதி வந்தது, நான் செய்தியில் ஒரு தடவை மட்டும் பதிந்தேன் என்று எழுதினேன்.

அதைப் படித்த பிறகு அந்தப் பெண், வரும் சனிக்கிழமை இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த மனுவை மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்துவிடும்படியும், அப்படி முடிக்க இயலாமல் காளிச்சாமியை விசாரணைக்கு அழைக்க வேண்டியிருந்தால், சனிக்கிழமை மட்டும் அவரை அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதைச் சார்பு ஆய்வாளர் எழுதி, மெதுவாக இரண்டு முறை வாசிக்கக் கேட்டேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, நடந்தது இதுதான். என் விரலை அவர் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) கி. நந்திதா