கிணற்றுக்குப் பதினொரு கையெழுத்து

சுன்னாகத்தில் காலை ரயில் ஏறினேன். எதிரே ஒரு அம்மா மடியில் கடதாசி ஒன்றை வைத்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்த அயலூர்க்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"கடதாசியோடை எங்கை அக்கா, அரசாங்கக் கச்சேரிக்கோ?"

"ஓம் தம்பி. புகையிலை முதலாளி எங்கடை பங்குக் கிணத்துக்குப் பக்கத்திலை அரிசி மில் கட்டப்போறாராம். ஒழுங்கையோரப் பூவரச மரத்திலை நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு. மில் எண்ணெய் குடிதண்ணியிலை ஊறும். மறுப்புக் குடுக்க இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"அது அவரின்ரை காணியெல்லோ? உங்கடை கடதாசியை ஆர் பாப்பினம்?"

"காணி அவரின்ரை. கிணறு பதினொரு பங்கு. பதினொரு பேரும் கையெழுத்து வைச்சாச்சு."

"அதிலை ஒரு பங்கு முதலாளிக்கு. அவரும் வைச்சவரோ?" அவர் பலமாகச் சிரித்தார்.

"அவருக்கு எங்காலை பங்கு? அது பெண்சாதியின்ரை சீதனம். அவதான் முதல் கையெழுத்து."

அவர் குனிந்து கடதாசியின் முதல் கையெழுத்தைப் பார்த்தார்.

"மனுசனுக்குத் தெரியுமோ?"

"தெரியும். 'நீ ஆரின்ரை ஆள்?' எண்டு கத்தினவராம். 'அந்தத் தண்ணியிலைதான் உங்களுக்குச் சோறு காய்ச்சிறன்' எண்டாவாம்."

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மழை தூறியது. அயலூர்க்காரர் தான் நனைந்துகொண்டு, குடையைக் கடதாசிக்கு மேல் பிடித்தபடி அம்மாவுடன் நடந்தார்.