துரத்தினாலும் வந்து நின்றவர்

மேடையில் இருக்கும் கல்லூரித் தலைவர் அவர்களே, ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கிய போதகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வெர்லினின் துணைவியார் ரோசலி அம்மையார் அவர்களே, இந்தப் பனியிலும் பல ஊர்களிலிருந்து வண்டியோட்டி வந்திருக்கும் பயிற்சியாளர்களே, பழைய ஆட்டக்காரர்களே, எல்லோருக்கும் தலைவணங்கி நிற்கிறேன்.

நம் வெர்லினின் நினைவுக் கூட்டம்; எனக்குப் பேச்சு வராத நாள் இது. ஆனாலும் இந்தக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்ற முறையில் நான்தான் பேச வேண்டும் என்றார்கள்.

யார் இந்த வெர்லின் ஹாஸ்கெட்? செய்தித்தாளில் படம் வந்தவரா? இல்லை. கோப்பையைக் கையில் தூக்கியவரா? அதுவும் இல்லை. அவர் துணைப் பயிற்சியாளர். வாழ்நாள் முழுக்கத் துணைப் பயிற்சியாளர். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அணி தோற்றால் தலைமைப் பயிற்சியாளரை அனுப்புவார்கள். அவரோடு சேர்த்துத் துணைகளையும் அனுப்புவார்கள். கென்டக்கியில் அனுப்பினார்கள், போனார். ஒஹையோவில் அனுப்பினார்கள், போனார். கான்சஸில் வாங்கிய வீட்டுக்கு வண்ணம் அடித்து முடிக்கும் முன்பே அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ரோசலி அம்மையார் புது ஊரில் புதுப் பள்ளி தேடினார். அவர்களுடைய கடைசி மகள், இனித் தோழிகளே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு ஊர் மாறினார்கள்.

அப்படித்தான் இண்டியானாவுக்கு, நம் கல்லூரிக்கு வந்தார். வந்த முதல் வேலை, கேரி நகரத்தில் டேவியன் மேப்ரி என்ற இளைஞனை நம் அணிக்கு அழைப்பது. அவனுடைய தாயார் லுவெல்லா மேப்ரி இந்த அரங்கில்தான் இருக்கிறார். அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"போன வருஷம் வேற காலேஜ்லேருந்து ஒருத்தர் இதே சோபாவுல உக்காந்து, பையனை நான் பாத்துக்கறேன்னு இதையேதான் சொன்னார். அவரை இப்ப வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. நீங்க எத்தன நாளைக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"அது என் கையில இல்லீங்க," என்றாராம் வெர்லின். "என்னையும் துரத்துவாங்க. துரத்தினாலும், உங்க பையன் பட்டம் வாங்குற அன்னைக்கு வந்து நிப்பேன்."

அடுத்த ஜனவரியில் அன்றைய தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். பருவம் முடியும் வரை அணியை வெர்லின் கையில் கொடுத்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஊரே அவருக்குத்தான் வேலை என்றது. தேர்வுக் குழு அவரை அழைத்து, "இந்த அணியின் எதிர்காலம் பற்றி உங்கள் கனவு என்ன?" என்று கேட்டது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பயிற்சி இருக்கு," என்றார் வெர்லின். குழு வேறு ஆளைத் தேடியது.

அந்த வேறு ஆள் நான்தான்.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் யார் தெரியுமா? அவர்தான். எனக்கு முகத்தைப் பார்க்கக் கூசியது. "இது உங்களுக்கு வர வேண்டிய வேலை. என்மேல வருத்தமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தம் இருக்கு, கோச். இல்லன்னு சொன்னா பொய். ஆனா உங்க பெட்டி கல்லு மாதிரி கனக்குது. முதல்ல இதை வண்டியில ஏத்துவோம்."

அந்த வாரமே டெக்சஸிலிருந்து அவருக்கு நல்ல வேலை வந்தது. "இப்பவாவது நாமளா ஒரு ஊரை விட்டுப் போவோமே," என்று ரோசலி அம்மையார் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் வெர்லின் போகவில்லை. கேரியில் ஒரு தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நம் அணியில் சேர்ந்த இரண்டாம் வருடம் டேவியனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. அவன் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உண்மையைச் சொன்னால், நாங்கள் அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்திருந்தோம். வெர்லின் மட்டும் விடுமுறை கிடைத்த திங்கட்கிழமைகளில் அந்தக் கிடங்கு வாசலுக்குப் போனார். மதிய இடைவேளையில் அவனைத் தன் காரில் உட்காரவைத்து சாண்ட்விச்சை நீட்டினார்.

"திரும்பி வரச் சொல்லாதீங்க, கோச். இந்த முட்டியை வச்சுக்கிட்டு இனி ஆட முடியாது."

"உன்னை ஆடச் சொல்லி யாருடா வந்தா? நீ ஆடினப்பவே பந்தை ஒழுங்கா பாஸ் போட்டதில்ல. சாப்பிடு. வரலாறுல ஃபெயில் ஆயிருக்க, அதைப் பேசுவோம்."

குளிர்காலம் முழுக்கப் போனார். வசந்தத்திலும் போனார். இலையுதிர் காலத்தில் டேவியன் வகுப்புக்குத் திரும்பினான். அவன் பட்டம் வாங்கிய அன்று, வெர்லின் இந்த அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்றார். லுவெல்லா அம்மையார் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, குடும்பத்தோடு உட்காரவைத்தார். வெர்லின் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். டேவியன் இன்று கேரியில் வரலாற்று ஆசிரியர். அதோ, தாயாரின் பக்கத்தில் இருக்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், இல்லினாய்ஸின் தென்கோடியில் ஒரு பள்ளி வாசலில், காரை நிறுத்திய இடத்திலேயே வெர்லினின் இதயம் நின்றது. புதிதாக ஒரு மாணவனின் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். இத்தனை ஊர், இத்தனை வீடு, இத்தனை சோபா. எங்கேதான் இளைப்பாறினார் அந்த மனிதர்?

நேற்று அந்த மாணவனின் வீட்டுக்கு நான் போனேன். "வெர்லின்னு ஒருத்தர் வருவாருன்னு சொன்னாங்களே?" என்றார் அவன் தந்தை. நடந்ததைச் சொன்னேன். "அப்ப இனிமே எங்களுக்கு யாரு?" என்றார்.

ரோசலி அம்மையார் அவர்களே, உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு நான் பொறுப்பு. அணி இந்தப் பருவத்தில் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறது. என்னையும் அனுப்பிவிடலாம். அனுப்பட்டும். அந்தப் பையன் பட்டம் வாங்கும் நாளில் நான் எந்த ஊரில் இருந்தாலும் வந்து நிற்பேன்.

இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை. புதன்கிழமை வெளியூர் ஆட்டம். பேருந்தில் என் பக்கத்து இருக்கை அவருடையது. அவர் நினைவாக அதைக் காலியாக விட வேண்டாம், பிள்ளைகளே. யாராவது வந்து உட்காருங்கள். நெடுந்தூரம் போக வேண்டும், பேச்சுத்துணை வேண்டும்.