ஒண்ணாம் பிரதி

சின்னக்கானலிலிருந்து கோர்ட்டுக்குப் போகும் ஜீப்பில் எனக்கு முன்னால் ஒரு அக்காளும் தம்பியும். ரேஷன் கடை அரிசி மூட்டையைத் திருடினான் என்று தம்பி மேல் கேஸ். அன்றைக்குத்தான் முதல் வாய்தா. குற்றம் சாட்டப்பட்டவரை அந்தக் கோர்ட்டில் 'பிரதி' என்பார்கள்.

"ஜட்ஜையாகிட்ட சொல்லிருவேன்க்கா. கடைச் செவத்த இடிச்சது ஆனை. மூட்டைய ரோட்டுல இழுத்துப் போட்டதும் ஆனை. அதுதான் ஒண்ணாம் பிரதி. நான் ரெண்டாம் பிரதிதான்."

"நீ எதுக்குல தூக்கிட்டு வந்த?"

"ஆனை திங்க வச்சிருந்தத எடுத்தேன். புகார் குடுக்கணும்னா அது வந்து குடுக்கட்டும்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை.

"உன் வீட்டுல போலீஸ் எடுத்தப்ப மூட்டை வாய் கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. அதையும் ஆனைதான் கட்டுச்சும்பியா?"

தம்பி ரெண்டு வளைவு தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டான்.

"செவத்த இடிச்சது ஆனைங்கறதையாவது நம்புவாங்களாக்கா?"

அக்காள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மாவ மிதிச்சது ஆனைன்னு ஆபீஸ் ஆபீஸா ஏறிச் சொன்னோம். வழுக்கி விழுந்த சாவுன்னுதானல எழுதுனாங்க."