ரெட்டைக் கார்புரேட்டர்

ரெட்டைக் கார்புரேட்டர் வண்டியில் ஊசி மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றைப் புதிதாகப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேய்ந்தபடியே விடுவது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். இரண்டு கார்புரேட்டரையும் பிஸ்கட் டின்னில் வைத்து, சென்னையிலிருந்து மன்னார்குடி வரைக்கும் மடியிலேயே கொண்டுவந்து, என் முன்னால் திறந்து காட்டினீர்கள். "எந்த முட்டாப்பய மாட்டினது இது? பின்னாடி ஊசி புதுசா இருக்கு, முன்னாடி ஊசி குழி விழுந்து கிடக்கு" என்றீர்கள்.

நான்தான் மாட்டினேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இந்தச் சின்னத் தொட்டியில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வரும். அது ஊசியைத் தள்ளும், ஊசி போய் வழியை அடைக்கும். ஊசியின் முனை தேய்ந்தால் வழி அடைபடாது. பெட்ரோல் வழிந்து, கீழே சூடான குழாய்ப் பக்கம் போகும். அவ்வளவுதான் சங்கதி. இது எனக்கு இருபது வயதிலேயே தெரியும். அதைத் தெரியாமல் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு வண்டியை விற்றவர்கள் ராசியில்லாத வண்டி என்றார்களாம். இரும்புக்கு ஏது ராசி? பண்ணையார் குஞ்சிதபாதம் அதை நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரனிடம் வாங்கினார். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, கரும்பச்சை நிறம். வரப்பும் வாய்க்காலுமான ஊரில் அதை ஓட்ட மூன்று மைல் ரோடுதான் இருந்தது. அந்த மூன்று மைலையும் அவர் காலையிலும் சாயங்காலமும் ஓட்டுவார். அறுபத்தேழில் ஆட்சி மாறியது. பண்ணையாரும் வேட்டியின் கரையை மாற்றிக் கட்டிக்கொண்டார். வண்டியை மட்டும் மாற்றவில்லை.

அதற்கு நான்தான் மெக்கானிக். அப்துல் ஹமீது பாய் பட்டறையில் வேலை பார்த்தேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி இருமும். ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டிக் கேட்பேன். இரண்டு மூச்சும் ஒன்றாகும் வரைக்கும் திருகுவேன். பண்ணையார் திருச்சிப் பட்டறைக்கு இரண்டு தடவை கொண்டுபோய்த் தோற்று, கடைசியில் என்னிடம்தான் வந்தார். என் அப்பா அரசப்பன் அவருடைய பண்ணையாள். நான் சேரிப் பையன். அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது.

நான் வேலையை முடித்ததும் இருபது அடி தள்ளி மூங்கில் கொத்துப் பக்கம் போய் நிற்க வேண்டும். வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, என்ஜினுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். தட்டைப் பண்ணையாரே பிடிப்பார். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"வண்டிக்கு நல்லதுன்னு காட்டுறீங்களா ஆண்டே?"

"உன் கை பட்டது போகணும்ல, அதுக்குடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலையைப் பாராட்டவும் செய்தார். இரண்டும் அவருக்கு ஒரே வாக்கியம்தான்.

எழுபத்தொன்றில் குறுவை அறுப்பு சமயத்தில் கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டு எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் பண்ணை வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கேட்டில் சாய்ந்து நின்றார். பேட்டரி இறங்கிப்போன அந்த வண்டியைத் தினமும் தள்ளிவிடுவது அவர்தான். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

"என்னடா அரசப்பா, தள்ள வரலியா?"

"இன்னிக்கு யாரும் வேலைக்கு இல்லீங்கய்யா. வண்டி தள்றதும் வேலைதானுங்களே."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கூடப் பெரிசில்லை. அதுவரைக்கும் 'ஆண்டே' என்றே கூப்பிட்டு வந்த அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'ஐயா' என்றார். பண்ணையார் அதைக் கேட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தானே கம்பியைப் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்பினார். வண்டி நேரே வந்து, கேட்டோடு சேர்த்து என் அப்பாவை அடித்தது. பிறகு பின்னால் போய், கொட்டகையில் இருந்த இடத்திலேயே போய் நின்றது.

மத்தியானம் ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரைட்டர் எழுதி வைத்திருந்தார். இந்த வண்டியின் கார்புரேட்டர் பழைய மாதிரி, எத்தனை சரி செய்தாலும் நிற்காது, ஆக்சிலேட்டர் தானாக மாட்டிக்கொள்ளும், இது விபத்து. மெக்கானிக் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"வண்டி நல்லாத்தான் சார் இருந்துச்சு. பத்து நாள் முன்னாடிதான் பார்த்தேன்."

"நல்லா இருந்த வண்டி எதுக்குப்பா ஆளை அடிக்குது?"

"மாட்டிக்கிட்ட ஆக்சிலேட்டர் ரிவர்ஸ் எடுக்காது சார்."

ரைட்டர் பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். "கையெழுத்தப் போட்டுட்டு பொணத்த எடுத்துட்டுப் போ. வெயில் ஏறுது."

போட்டேன். என் அப்பாவைக் கொன்றது கார்புரேட்டர் என்று நானே எழுதிக் கொடுத்தேன். பண்ணையார் வீட்டம்மா நீலாம்பாள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாக எங்கள் ஆட்கள் சொன்னார்கள். போலீஸ் கேட்டபோது, "நான் அடுக்களையில இருந்தேன்" என்றாராம். அதற்காக அவர் மேல் நான் கோபம் வைக்கவில்லை. அவர் வீடு, அவர் புருஷன். நல்ல அம்மாள். வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மோர் தருவார். டம்ளர் தனிதான், ஆனால் உப்பு சரியாக இருக்கும்.

ஒரு வருஷம் வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. அப்புறம் பண்ணையிலிருந்து பட்டறைக்கு ஆள் வந்தது. ஹமீது பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போகணுமா தம்பி? வேற ஆள் இல்லேன்னு சொல்லிடுறேன்."

"போறேன் பாய். அந்த வண்டி எனக்குப் பழக்கம்."

"பழக்கம்னுதான் பயமா இருக்கு" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை பண்ணைக்குப் போனேன். பண்ணையார் நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பழசெல்லாம் மனசுல வச்சிருக்கியாடா?"

"வச்சிருந்தா வருவேனுங்களா?"

"அதானே. கையெழுத்துப் போட்டவன் நம்ம ஆளு."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. மூன்றரை நாளும் அதை மனதில் போட்டுக்கொண்டே வேலை செய்தேன். இரண்டு கார்புரேட்டரையும் முழுக்கக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கோழியிறகால் ஒவ்வொரு துளையையும் துடைத்தேன். பித்தளை மூடிகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். என் வேலையிலேயே அதுதான் சுத்தமான வேலை. பம்பாயிலிருந்து தருவித்த புது ஊசி இரண்டு இருந்தது. ஒன்றைப் பின்னால் போட்டேன். முன்னால் பழையதையே திரும்பப் போட்டேன். மிச்சமிருந்த புதிதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் புதிதாக எதையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று சர்க்கார் காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. கோளாறுதான் இல்லாமல் இருந்தது. எழுதிக் கொடுத்ததை உண்மையாக்கினேன். அப்புறம் நெருப்பு, அது என்னுடையதில்லை. நான் தொட்ட என்ஜினுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று நானா சொன்னேன்? தொட்டது தொட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தால், புகைந்து இருமி வண்டி நின்றிருக்கும். அவ்வளவோடு போயிருக்கும்.

அன்று காலை வண்டியைக் கிளப்பிவிட்டு மூங்கில் கொத்துப் பக்கம் போய் நின்றேன். பானெட்டைத் திறந்து வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் தட்டு நீலாம்பாள் அம்மா கையில் இருந்தது. பண்ணையார் வண்டியின் அந்தப் பக்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தட்டில் கற்பூரம் வைத்த அம்மாள் ஒரு நிமிஷம் மூக்கைச் சுளித்தார். என் பக்கம் திரும்பினார்.

"கோவிந்தராசு, பெட்ரோல் வாடை தூக்குதே?"

"கழட்டி மாட்டின வண்டிங்கம்மா. அப்படித்தான் இருக்கும். ஒரு சுத்து ஓடினா போயிடும்."

இதில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கழற்றி மாட்டினால் வாடை வரும், ஓடினால் போகும்.

அவர் நம்பினார். வண்டி விஷயத்தில் என் வார்த்தையை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை.

அம்மாள் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை, அப்போது அது புதிது. நூல் புடவையாக இருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். மூன்றாம் நாள் போனார். பண்ணையாருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று, உயிர் நின்றது. ஆட்கள் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். நான் இருபது அடி தள்ளியே நின்றேன். அதற்கு மேல் கிட்டே வரக்கூடாது என்பது அந்த வீட்டு ஒழுங்கு. அன்றைக்கும் நான் அதை மீறவில்லை.

அதே ரைட்டர் வந்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பண்ணையாரிடம் சொன்னார். "கார்புரேட்டர் கோளாறுன்னு போன வருஷமே மெக்கானிக் எழுதிக் குடுத்திருக்கானேய்யா. அப்புறமும் இந்த வண்டிய வச்சிருந்தீங்களா?"

பண்ணையார் கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தால் அந்தக் காகிதம் பொய்யாகும். காகிதம் பொய்யென்றால் அரசப்பன் எப்படிச் செத்தான் என்று கேள்வி வரும். "ஆமா, கார்புரேட்டர்தான்" என்றார். நானும் தலையாட்டினேன். அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். சோறு ஒருவர் ஊட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பொடி டப்பாவைத் திறங்கள். அதுதான் அந்தப் புது ஊசி. ஐம்பது வருஷமாக எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், துரு கிடையாது. முன்னால் இதைப் போட்டுவிடுகிறேன். இரண்டும் ஒரே மூச்சு விடும்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. தட்டை எப்போதும் பிடிப்பது பண்ணையார்தானே, அன்றைக்கு அந்த அம்மாள் கையில் வந்தது உங்கள் குற்றமில்லையே என்பீர்கள். இதைக் கேட்ட இரண்டொருவரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லி வந்தேன். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போடப்போவதாகவும், தீபம் காட்ட உங்கள் வீட்டம்மாள் வருவார் என்றும் சொன்னீர்கள். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எந்த விளக்கும் எந்தக் கற்பூரமும் அம்மாள் கையால்தான். ஆண்கள் தொட மாட்டார்கள். வேலைக்குப் போன ஆறு வருஷமும் பார்த்திருக்கிறேன். வண்டி வேலை எனக்கு வியாழக்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பண்ணையார் நாற்காலியிலிருந்து எழுந்து, தட்டைக் கொண்டுவரச் சொல்ல உள்ளே திரும்பினார்.

"முடிஞ்சுதாடா?"

"இல்லீங்கய்யா" என்றேன். "நாளைக்குக் காலையில ஆயிடும்."