கூடத்தில் ஓடிய சைக்கிள்

படப்பையில் பேருந்து ஏறினேன். எனக்கு முன்னால் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் சைக்கிள்ல மணிமங்கலம் வரைக்கும் போயாந்தேன்க்கா. வூட்ட வுட்டு வெளியவே வரல."

"இன்னாடி சொல்ற?"

"தெருவுல ஓட்டிக் கத்துக்கக் கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க. அதான் கூடத்துலயே ஸ்டாண்டு போட்டு, சீட்ட எறக்கிகினு மிதிச்சேன். கரண்டு வேற இல்ல. டைனமோ வெளிச்சம் செவுத்துல வுழுந்துது. அதயே பாத்துகினு மிதிச்சா, ஏரிக்கரை காத்துகூட மூஞ்சில அடிக்குதுக்கா."

"மாமியா சும்மாவா இருந்தாங்க?"

"வெளிச்சத்துக்குக் குறுக்க வந்து நின்னாங்க. பெல்லு அடிச்சேன். சட்டுனு ஒதுங்கி வழி வுட்டுட்டாங்க."