தொவா, தோவா?

தலைமையேற்றுத் தட்டிக்கொடுக்கும் துறைத்தலைவர் ஐயா அவர்களே! நரை கண்ட நல்லோரே! வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவில், நான் பேசத் தொடங்கும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாரே, இன்று பட்டம் பெற்ற நம் ஆய்வாளரைப் பெற்றெடுத்த அம்மா அவர்களே! அனைவருக்கும் இந்த ஊசிக்காரனின் வணக்கம்!

பயந்துவிடாதீர்கள் குழந்தைகளே, உங்களுக்குப் போடுகிற ஊசி அல்ல. நான் இந்த ஆய்வுக்கூடத்தில் புழுவுக்கு ஊசி போடுகிறவன். ஆமாம், புழுவுக்குத்தான்! சிரியுங்கள், சிரியுங்கள். என் மாமியார் இருபது வருடமாகச் சிரிக்கிறார். அரிசியில் ஆறில் ஒரு பங்கு நீளம்தான் அந்தப் புழு. நுண்ணோக்கியின் அடியில் அதைக் கிடத்தி, முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்த வேண்டும்.

அந்தப் புழுவின் தோலுக்கு அடியில் ஒரு தொடு நரம்பு ஓடுகிறது. குத்தினால் குத்துகிறது என்று சொல்லும் நரம்பு. அது கிளைவிட்டு, கிளையிலும் கிளைவிட்டு, சீப்புப் பல் போல வரிசையாக நிற்கும். நம் ஆய்வாளர் வளர்த்த புழுக்களிலோ ஒரு மரபணு பழுது. கிளைகள் திக்குத் தெரியாமல் திரிந்தன. குத்தினாலும் புழு திரும்பிப் பார்க்கவில்லை. கோணியது நரம்பு என்றால் குற்றம் யாருடையது? நரம்பினுடையது! நான் அப்படித்தான் நினைத்தேன். ஐயா அப்படித்தான் நினைத்தார். ஆய்வாளரும் அப்படித்தான் நினைத்தார். மூன்று வருடம், எட்டு முறை, நல்ல மரபணுவை அந்த நரம்புக்குள் சேர்த்துப் பார்த்தோம். எட்டு முறையும் ஏமாற்றம். மருந்து சரியில்லையோ என்று புதிதாகத் தயாரித்தார். ஒன்பதாவது முறையும் ஆகாவிட்டால் இந்த ஆய்வை மூடிவிடலாம் என்று ஐயா சொல்லிவிட்டார். ஐயா தலையாட்டுகிறார் பாருங்கள், நான் கதை கட்டவில்லை!

இரண்டு குப்பிகள் தயாராயின. மரபணுவைத் தொடு நரம்பில் மட்டும் இயக்கும் குப்பியின் மூடியில் "தொ" என்று எழுதினார். தோலில் மட்டும் இயக்குவது இன்னொன்று. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. அதன்மேல் "தோ". மூடியோ சுண்டுவிரல் நகம் அளவு. கொம்பில் ஒரு சுழி கூடுதலா, குறைவா, அவ்வளவுதான் வித்தியாசம். என் கண்ணுக்கோ அப்போதே மங்கல், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வீம்பு. முதலில் "தொ"வைப் போடச் சொன்னார், போட்டேன்.

நாலாம் நாள் அந்தப் புழுக்களின் குஞ்சுகளைப் பார்த்தார். கிளைகள் ஒழுங்காக, வரிசையாக, அழகாக நின்றன! குத்தியதும் புழு சுருண்டு விலகியது! அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அழுதார். நானும் மகிழ்ந்து, மீதி மருந்தை எடுத்துவைக்கப் பனிப்பெட்டியைத் திறந்தேன். அங்கே "தொ" குப்பி திறக்கப்படாமல் இருந்தது.

பெரியோர்களே, பெட்டியை மூடிவிட்டேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? குப்பிக்குத் தெரியுமா? புழு வந்து சாட்சி சொல்லுமா? ஆனால் அந்தப் பெண் பொய் என்று அறியாமலே ஒரு பொய்யை ஆய்வேட்டில் எழுதிவிடுவாரே! போட்ட குப்பியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"தங்கச்சி, தப்பு பண்ணிட்டேன். தொவுக்குப் பதிலா தோவைப் போட்டுட்டேன்."

மூடியை வாங்கிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"அப்ப நரம்புக்குள்ள ஒண்ணும் போகலையா அண்ணே?"

"ஒரு சொட்டு கூடப் போகல."

"அப்படின்னா நரம்பு மேல குத்தமே இல்ல. பாதை போட வேண்டியது தோல். மூணு வருஷமா நாம ஆள் மாத்தித் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

மறுபடி மூன்று முறை செய்தோம், இம்முறை அவரே மூடியைப் படித்துக் கொடுத்தார். நரம்பில் சேர்த்தால் கோணல். தோலில் சேர்த்தால் ஒழுங்கு. மூன்று முறையும் அதேதான்! பக்கத்துத் தசையும் தன் பங்குக்கு ஒன்றைச் சுரந்து அனுப்புகிறது என்று பிறகு கண்டுபிடித்தார். தானாகவா கிளைத்தது அந்த நரம்பு? தனியாகவா தடம் கண்டது? இல்லை, இல்லவே இல்லை! தோல் இடம் காட்டியது, தசை துணை நின்றது, நரம்பு நடந்தது! இனி ஒரு நரம்பு கோணினால் அதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அதன் அக்கம்பக்கத்தையும் விசாரியுங்கள்! ஐயா, கைதட்டலை அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்.

கண்டுபிடிப்பு உறுதியான மறுநாள் ஆய்வாளர் என்னைக் கண்ணாடிக் கடைக்குக் கையோடு இழுத்துப் போனார். என் வீம்பு அங்கே செல்லுபடியாகவில்லை. இதோ, நான் போட்டிருப்பது அந்தக் கண்ணாடிதான். இந்த மேடையில் நின்றபடி, மண்டபத்தின் கடைசியில் வாசலுக்கு மேல் தொங்கும் பதாகையைப் பார்க்கிறேன். தங்கச்சி, உங்கள் பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று போட்டிருக்கிறது. னகரத்தின் இரண்டு சுழியையும் எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது.

கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்!