வில்லனுக்குத்தான் நாற்காலி

“பறக்குறவன் வேஷம் எனக்கு வேணாம். நான் வில்லனாவே வர்றேன்.”

துபாயில் எங்கே திரும்பினாலும் கிரேன் நின்ற வருஷங்கள் அவை. அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். கம்பெனி விழாவில் மாறுவேடப் போட்டியாம். வில்லனாக வருவேன் என்றவரின் நண்பர் மடியில், பறக்கும் ஹீரோவுக்கு ஒரு சிவப்புத் துணியும் வில்லனுக்கு ஒரு கறுப்புத் துணியும் இருந்தன.

“லேபர் கேம்ப்ல எல்லாரும் நீதான் ஹீரோன்னு சொல்றாங்க மாப்ள.”

“வாரம் பூரா கயித்துல தொங்கிக்கிட்டு முப்பதாவது மாடிக் கண்ணாடி தொடைக்கிறேன். லீவு நாளு வெள்ளிக்கிழமையும் பறக்கணுமா? வில்லனுக்குத்தான் ஏசி ரூமு, பெரிய நாற்காலி. காலத் தரையில வச்சு உக்காந்தே பேசுவான்.”

“உன் மூஞ்சியப் பாத்தா பச்சப்புள்ளகூட பயப்படாது.”

“மீசை ஒட்டிக்கிறேன்.”

“ஒட்டிக்க. ஆனா எந்தப் படத்துலயும் கடைசியில மாடியிலேருந்து கீழ விழுறது வில்லன்தான்.”

பஸ் ஷார்ஜாவைத் தாண்டியது. கண்ணாடி துடைப்பவர் நண்பர் மடியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டார்.

“பறக்குறேன். ஆனா சேஃப்டி பெல்ட்டோடதான்.”